தலை கொண்டு வந்தால் விடுதலை

போன மாதம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை நாங்கள் ஒரு மேசையைச் சுற்றி நின்றபடியே கழித்தோம். ஆறடி நீளம், நாலடி அகலம். மேலே பச்சைத் துணி, ஓரத்தில் நீலத் தாளை வெட்டி ஒட்டிய ஓர் ஆறு, மூலையில் தீக்குச்சிகளால் வேலி கட்டிய ஒரு முகாம். துணி மேல் இரண்டு பக்கமும் விரல் உயரம்கூட இல்லாத முந்நூற்றுச் சொச்சம் பொம்மை வீரர்கள். கையில் டேப், பகடைகள், ஆறிப்போன தேநீர். சொன்னால் தோழர்கள் சிரிப்பீர்கள். களப்பணி, கூட்டம், அறிக்கை என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் இங்கிலாந்து போய் பொம்மை வைத்து விளையாடுகிறார்களாம் என்பீர்கள். முதல் நாள் நாங்களும் அப்படித்தான் சிரித்தோம்.

நாங்கள் மூன்று பேர். இருவர் சமூகப் பணியாளர்கள், ஒருவர் செவிலியர். நாட்டிங்ஹாமில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். முதுகலையில் சமூகவியல் படித்தவருக்கும் கணக்குப் படித்துவிட்டு மருத்துவமனைக்கு வந்தவருக்கும் சமையல் விஷயத்தில் ஒத்துப்போகாது. மற்ற எல்லாவற்றிலும் நாங்கள் 'நாங்கள்'தான். அதனால் இந்தக் கட்டுரையும் அப்படியே இருக்கட்டும்.

நாட்டிங்ஹாமை இந்தப் பொம்மைப் போர் விளையாட்டின் தலைநகர் என்றே சொல்லலாம். உலகம் முழுக்க மினியேச்சர் விற்கும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பின் தலைமையகம் இங்கேதான். ரோமானிய வீரர்களைப் பிளாஸ்டிக்கில் வார்த்து விற்கும் வார்லார்ட் கேம்ஸும் இந்த ஊர்தான். எங்கள் தெருமுனையில் உள்ள சமூகக் கூடத்தில் முதியோருக்கான உதவித் திட்டம் ஒன்றைப் பற்றிப் பேசப் போயிருந்தோம். பக்கத்து அறையில் எழுபது தாண்டிய ஒரு பெரியவர் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு கேடயத்துக்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தார். நின்று பார்த்தோம். "உட்காருங்கள், ஒரு பிரஷ் தருகிறேன்" என்றார். அவ்வளவுதான் தொடக்கம்.

இந்த விளையாட்டுக்கு ஒரு வம்சாவளி உண்டு. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1824-ல் வெளியிட்ட போர் விளையாட்டு விதிகள் ராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்குப் போயின. எச்.ஜி. வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' எழுதி அதைக் கூடத்துத் தரைக்குக் கொண்டுவந்தார். அதற்கு அடுத்த ஆண்டு நிஜப் போர் வெடித்தது. பழங்காலப் போர்களில் மட்டும் பைத்தியமாக இருந்தவர்கள் 1965-ல் 'சொசைட்டி ஆஃப் ஏன்ஷியண்ட்ஸ்' என்று தனியாகச் சங்கம் வைத்தார்கள். எங்கள் பெரியவர் அந்தத் தலைமுறை. ஏர்ஃபிக்ஸ் கம்பெனி விற்ற சின்னச் சின்ன ரோமானியப் பொம்மைகளில் தொடங்கியவர். வாழ்நாள் முழுக்கப் பேருந்துப் பணிமனையில் வேலை. லத்தீன் தெரியாது. ஆனால் லிவியையும் பாலிபியஸையும் மொழிபெயர்ப்பில் பக்கம் பக்கமாகக் கரைத்துக் குடித்தவர். படிப்பாளி என்றால் யார் என்று நமக்கு இருக்கும் பொதுப்புத்தியை இவர் போன்றவர்கள்தான் உடைக்கிறார்கள்.

வண்ணம் தீட்டக் கற்றுக்கொண்டபோதுதான் நாங்கள் உள்ளே விழுந்தோம். கறுப்பு ப்ரைமர் அடித்துக் காயவைத்து, உலோகத்துக்கு வெள்ளிப்பூச்சு கொடுத்து, மேலே நீர்த்த பழுப்பு மையை ஓடவிட்டால் மடிப்புகளில் நிழல் தங்கிவிடும். பெரியவர் எங்களுக்கு முதலில் கொடுத்தது ஹன்னிபால் காலத்து ரோமானிய லீஜியன். "மார்புக்கு என்ன போடுவது?" என்று கேட்டோம். அவர் கேட்ட எதிர்க்கேள்வி: "இவனிடம் எவ்வளவு சொத்து?"

பாலிபியஸ் இதைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார். ரோமில் ராணுவச் சேவை குடிமகனின் சொத்தைப் பொறுத்தது. நானூறு திராக்மாவுக்குக் கீழே சொத்து உள்ளவன் தரைப்படைக்கே வேண்டாம், கப்பலுக்குப் போ. வந்தவர்களில் மிக இளையவர்களும் மிக ஏழைகளும் 'வெலித்தே' என்ற முன்வரிசைக்காரர்கள். கவசம் கிடையாது, ஒரு வட்டக் கேடயம், சில எறியீட்டிகள், தலையில் ஓநாய்த் தோல். தன் அதிகாரி தூரத்திலிருந்து அடையாளம் கண்டு வீரத்தைக் கவனிக்கவாம் அந்தத் தோல். அடுத்த வரிசைக்காரனுக்கு நெஞ்சில் ஒரு சாண் அகல வெண்கலத் தகடு. பத்தாயிரம் திராக்மாவுக்கு மேல் சொத்து இருந்தால் மட்டும் முழு இரும்புவளையச் சட்டை. 4,200 பேர் கொண்ட லீஜியனில் வெலித்தே 1,200 பேர். கடைசி வரிசையில் முழங்கால் ஊன்றிக் காத்திருக்கும் மூத்தவர்கள் 600 பேர்தான்.

ஆக, நாங்கள் தீட்டிக்கொண்டிருந்தது ஒரு படையை அல்ல, ஒரு சொத்துக் கணக்கை. யார் நெஞ்சு திறந்திருக்கிறது, யாருடையது மூடியிருக்கிறது என்பது வீரத்தைப் பொறுத்தது அல்ல. மூன்று ஆண்டு சமூகவியல் வகுப்புகளில் 'அடுக்கமைவு' என்ற சொல்லைப் படித்ததைவிட, அரை அங்குல மார்பில் ஒரு சாண் தகட்டை வரைந்தபோது அது எங்களுக்கு அதிகம் புரிந்தது. (ஓர் இடைச்செருகல்: எல்லா ரோமானியனுக்கும் சிவப்புச் சட்டை போடுவது சினிமாக்காரர்கள் வேலை. அந்தக் காலத்துச் சட்டை நிறத்துக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று பெரியவர் சொன்னார். ஆனால் அவருடைய எல்லாப் படைக்கும் சிவப்புதான். கேட்டால், "நன்றாக இருக்கிறது" என்கிறார்.)

சொத்துக் கணக்குக்கு உள்ளேயே வராதவர்கள் எங்கே என்று கேட்டோம். மேசையில் அடிமைகள் எங்கே? சமைப்பவன், கழுதை ஓட்டுபவன், கேடயம் தூக்குபவன்? பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த வாரம் ஒரு தாளோடு வந்தார். தலைப்பு: பெனவெண்ட்டம், கி.மு. 214.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். கி.மு. 216 ஆகஸ்டில் கன்னே என்ற ஊரில் ஹன்னிபால் ரோமின் மிகப்பெரிய படையைச் சுற்றி வளைத்து அழித்தான். பாலிபியஸ் எழுபதாயிரம் பிணங்கள் என்கிறார், லிவி ஏறக்குறைய நாற்பத்தெட்டாயிரம் என்கிறார். எந்தக் கணக்காக இருந்தாலும் ஒரே நாளில். இந்த விளையாட்டுக்காரர்கள் எல்லோரும் ஒருமுறையாவது ஆடிப் பார்க்கும் போர் அதுதான். நடுவில் காலியர்களையும் ஸ்பானியர்களையும் பிறை போல முன்னே தள்ளி நிறுத்தி, ரோமானியர் முட்ட முட்ட உள்வாங்கி, இரு பக்கமும் லிபியரால் மூடி, பின்னால் குதிரைப்படையால் அடைத்துவிடுவது. கன்னே பற்றி நூல்கள் மலையாகக் குவிந்திருக்கின்றன. எங்களைப் பிடித்து நிறுத்தியது அதற்கு அப்புறம் நடந்தது.

ஆள் இல்லை. ரோம் எட்டாயிரம் இளம் அடிமைகளை அரசுக் கணக்கில் விலைக்கு வாங்கிப் படையில் சேர்த்தது. ஒவ்வொருவனிடமும் தனித்தனியாக 'உனக்குச் சம்மதமா?' என்று கேட்டார்களாம். சம்மதம் என்றதால் அவர்களுக்கு 'வொலோன்ஸ்', அதாவது விரும்பி வந்தவர்கள், என்று பெயர். ஓர் அடிமையிடம் எஜமானன் சம்மதம் கேட்பதில் உள்ள நகைச்சுவையைத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதே வேளையில் ஹன்னிபாலிடம் சிக்கிய ரோமானியக் குடிமக்களைப் பணம் கொடுத்து மீட்க மாட்டோம் என்று செனட் முடிவெடுத்தது. அடிமைகளை வாங்கிய விலையைவிட அவர்களை மீட்கும் விலை குறைவு என்று லிவியே எழுதுகிறார். அப்படிக் கைவிடப்பட்டவர்கள் கிரேக்க நாட்டுச் சந்தைகளில் விற்கப்பட்டார்கள். கி.மு. 194-ல் அங்கே மீதமிருந்தவர்கள் 1,200 பேர் மீட்கப்பட்டு ரோமுக்கு வந்தபோது, விடுதலை பெற்ற அடிமைகளின் அடையாளமாகத் தலையை மழித்துக்கொண்டு வெற்றி ஊர்வலத்தில் நடந்தார்கள். அடிமை குடிமகனுக்காகச் சண்டை போட, குடிமகன் அடிமையாகக் கிடக்கிறான். இரண்டுக்கும் இடையில் இருந்தது ஒரு விலைச்சீட்டு.

ஏன் ஸ்பார்ட்டகஸை ஆடவில்லை என்று கேட்பீர்கள். பெரியவரிடம் அந்தப் படையும் இருக்கிறது. ஆனால் அங்கே யார் பக்கம் நிற்பது என்பதில் சிக்கல் இல்லை. எழுந்தார்கள், மூன்று ஆண்டு நடுங்க வைத்தார்கள், கி.மு. 71-ல் ஆறாயிரம் பேர் கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரச் சிலுவைகளில் தொங்கினார்கள். பெனவெண்ட்டம் அப்படி இல்லை. அது ஒடுக்கப்பட்டவன் ஒடுக்குபவனின் கொடியைப் பிடித்துக்கொண்டு போன கதை. 1818 ஜனவரி 1 கோரேகானைப் பற்றி நமக்குள் எத்தனை இரவுகள் வாதாடியிருப்போம்? யாருக்காகச் சண்டை போட்டார்கள், எதற்காக? 1927-ல் பாபாசாகேப் அந்தத் தூணின் முன்னால் நின்றபோது பார்த்தது கம்பெனியின் வெற்றியையா, மகர்களின் பெயர்களையா? அந்தத் தூணுக்குப் பிறகும், அதே நூற்றாண்டு முடிவதற்குள் ஆங்கிலேயர் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த வாதத்தை இங்கே முடிக்கப் போவதில்லை. பெனவெண்ட்டம் தாளைப் பார்த்ததும் எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் அது நினைவுக்கு வந்தது என்று மட்டும் பதிவு செய்கிறோம்.

இந்த அடிமை லீஜியன்களுக்குத் தளபதி திபேரியஸ் செம்ப்ரோனியஸ் கிராக்கஸ். நிலச் சீர்திருத்தத்துக்காகக் கி.மு. 133-ல் அடித்துக் கொல்லப்பட்ட கிராக்கஸ் வேறு. இவர் அதே குடும்பத்தின் முந்தைய தலைமுறை. பயிற்சிக் காலத்தில் இவர் போட்ட ஓர் உத்தரவை லிவி பதிந்திருக்கிறார். படையில் யாரும் யாருடைய பழைய நிலையையும் சொல்லிக் காட்டக்கூடாது. பழைய வீரன் புதியவனோடும், சுதந்திரன் வொலோவோடும் சமமாக நிற்க வேண்டும். ரோம் யார் கையில் ஆயுதத்தையும் கொடியையும் கொடுத்ததோ அவர்கள் எல்லோரும் கௌரவமான குடிப்பிறப்பு உடையவர்களே.

இதைப் படித்துக் காட்டிவிட்டுப் பெரியவர் நிமிர்ந்தபோது நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம். அதற்கு முந்தைய சனிக்கிழமை வேறோர் ஊரில் பொங்கல் விருந்து. நம் ஆட்கள்தான் என்று ஆசையாகப் போனோம். இலை போட்டு உட்கார்ந்ததும் எதிரே இருந்தவர் சிரித்த முகமாகக் கேட்டார்: "தம்பிக்கு எந்த ஊரு?" சொன்னோம். "ஓ, அந்த ஊர்ல எந்தப் பக்கம்?" தெருப் பெயர் சொன்னோம். "அங்க எங்க சொந்தக்காரங்க இருக்காங்களே... உங்க தாத்தா பேரு என்ன?" ஐயாயிரம் மைல் தாண்டி வந்தும் ஒரு மனிதர் சோற்றுக்கும் சாம்பாருக்கும் நடுவில் நம் தெருவின் நுழைவாயில் வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அதற்கப்புறம் அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் எங்களோடு பேச்சு இல்லை. எங்களில் ஒருவர் பாயசம் வரும்வரை காத்திருக்காமல் எழுந்துவிட்டார். அப்படி ஓர் உத்தரவு, 'பழைய நிலையைச் சொல்லிக் காட்டக்கூடாது' என்று, எழுதிப் போடும் தளபதி யாரும் அந்தக் கூடத்தில் இல்லை.

ஆனால் கிராக்கஸை மகாத்மா ஆக்கிவிட வேண்டாம். சமம் என்று உத்தரவு போட்டார், விடுதலை கொடுக்கவில்லை. இரண்டு ஆண்டு ஓடியது. எப்போதுதான் சுதந்திரர்களாகச் சண்டை போடுவோம் என்று முகாமில் முணுமுணுப்பு எழுந்தது. இவர்களிடம் குறை ஒன்றும் இல்லை, சுதந்திரம் மட்டும்தான் குறை என்று கிராக்கஸ் செனட்டுக்கு எழுதினார். உன் விருப்பப்படி செய் என்றது செனட். பெனவெண்ட்டத்துக்கு மூன்று மைல் தள்ளி காலோர் ஆற்றங்கரையில் ஹன்னோவின் கார்த்தேஜ் படை: 17,000 காலாட்கள், 1,200 குதிரைகள். போருக்கு முதல் நாள் கிராக்கஸ் அறிவித்தார். எதிரியின் தலையைக் கொண்டு வருபவனுக்கு அந்த நிமிடமே விடுதலை. இடத்தை விட்டுப் பின்வாங்குபவனுக்கு அடிமைக்குரிய தண்டனை.

அடுத்த நாள் நடந்ததுதான் இந்தப் போரை மற்ற எல்லாப் போர்களிலிருந்தும் பிரிக்கிறது. வொலோன்கள் மோதினார்கள், வீழ்த்தினார்கள். வீழ்த்திய கையோடு குனிந்து தலையை வெட்டத் தொடங்கினார்கள். நெருக்கடிக்கு நடுவே ஒரு தலையை வெட்டி எடுப்பது எளிதல்ல. வெட்டியவன் வலது கையில் தலை; வாளைப் பிடிப்பது எப்படி? மிகத் துணிச்சலானவர்கள் எல்லாம் ஆளுக்கொரு தலையோடு நிற்க, சண்டை மிச்சப்பட்டவர்களின் தலையில் விழுந்தது. அதிகாரிகள் ஓடிவந்து சொன்னார்கள். தலைகளை எறியுங்கள், உங்கள் வீரம் தெரிந்துவிட்டது என்று கிராக்கஸ் கத்த வேண்டியதாயிற்று. நாலு மணி நேரம் யாருக்கும் வெற்றியில்லை. கடைசியில் இன்னொரு அறிவிப்பு: இன்று எதிரி ஓடாவிட்டால் ஒருவனுக்கும் விடுதலை கிடையாது. அதற்கப்புறம் அடித்த அடியில் ஹன்னோவின் வரிசை உடைந்தது. முகாமுக்குள் இருந்த ரோமானியக் கைதிகளும் ஆயுதத்தைப் பறித்துப் பின்னாலிருந்து பாய்ந்தார்கள். ஹன்னோவோடு தப்பியது இரண்டாயிரம் பேருக்கும் குறைவு.

இதை மேசையில் எப்படிக் கொண்டுவருவது? இந்த விளையாட்டில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தரம் உண்டு. தேர்ந்தவர்கள், சாதாரணம், கத்துக்குட்டிகள் என்று. அடி வாங்கிய பிரிவு நிற்கிறதா ஓடுகிறதா என்று பகடை உருட்டுவார்கள். தரம் உயர்ந்தவனுக்கு மூன்று விழுந்தால் போதும், தாழ்ந்தவனுக்கு ஐந்து விழ வேண்டும். பெரியவரின் தாளில் வொலோன்களுக்கு எதிரே 'கத்துக்குட்டிகள், நம்பத்தகாதவர்கள்' என்று எழுதி 5 போட்டிருந்தார். கூடவே ஒரு தனி விதி: கைகலப்பில் வென்ற வொலோன் பிரிவு பகடை உருட்ட வேண்டும், 1, 2, 3 விழுந்தால் தலை வெட்டிக்கொண்டு அடுத்த சுற்று முழுக்க அசையாமல் நிற்கும்.

நாங்கள் கேட்டோம்: "ஏன் நம்பத்தகாதவர்கள்?"

"அடிமைகள். இரண்டு ஆண்டுதான் பயிற்சி."

"நாலு மணி நேரம் நின்றிருக்கிறார்களே. உங்கள் லிவியே சொல்கிறார். அவர்களை நிறுத்தி வைத்தது அவர்கள் கோழைத்தனமா, தளபதி போட்ட ஒப்பந்தமா? ஒவ்வொருவனும் தனித்தனியாகத் தலை கொண்டு வா என்று சொன்னது யார்?"

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தரம் என்று ஒன்று போடாமல் விளையாட முடியாதே" என்றார்.

அந்த வார்த்தை வீட்டுக்கு எங்களோடு வந்தது. எங்களில் இருவர் பிழைப்பே தரம் போடுவதுதான். ஒரு குடும்பத்தின் கோப்பு எங்கள் மேசைக்கு வரும்போது, அந்தக் குடும்பத்தை நாங்கள் பார்ப்பதற்கு முன்பே முதல் பக்கத்தில் ஒரு சொல் இருக்கும். 'ஒத்துழைக்காதவர்.' 'பலமுறை சந்திப்புக்கு வராதவர்.' போய்ப் பார்த்தால் அந்தத் தாய் இரவுப் பணி முடிந்து தூங்கும் நேரத்தில்தான் சந்திப்பு வைத்திருப்பார்கள். ஆறு முறையும். தலை வெட்டச் சொல்லிவிட்டு, ஏன் வாளைப் பிடிக்கவில்லை என்று எழுதுகிற தாள் அது. அப்படிப்பட்ட தாள்களில் நாங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். பகடையில் ஐந்து விழ வேண்டும் என்று எத்தனை பேருக்கு நாங்கள் எழுதி வைத்திருக்கிறோமோ.

மூன்று ஞாயிறும் நாங்கள்தான் கிராக்கஸ், பெரியவர் ஹன்னோ. முதல் ஞாயிறு அவர் விதிப்படியே ஆடினோம். நாலாவது சுற்றிலேயே எங்கள் நடுவரிசை முழுக்கத் தலை வெட்டிக்கொண்டு நின்றுவிட்டது. நூமிடியக் குதிரைகள் பக்கவாட்டில் வந்து அள்ளின. இரண்டாவது ஞாயிறு வொலோன்களைச் 'சாதாரணம்' ஆக்கினோம். தலை விதி அப்படியே இருக்கட்டும், ஆனால் தளபதி எந்தச் சுற்றிலும் அதை ரத்து செய்யலாம் என்றோம். எப்போது ரத்து செய்வது என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை. சீக்கிரம் செய்தால் உற்சாகம் போய்விடும் என்றார் ஒருவர். அப்படியென்றால் நீயும் எஜமானன்தானே என்றார் இன்னொருவர். ஏழாவது சுற்றில் ஹன்னோவின் முகாம் விழுந்தது. கைதிகள் பாயும் விதிக்குப் பெரியவரே எழுந்து நின்று பகடை உருட்டினார், தன் படையைத் தானே அழிக்க. ஆறு விழுந்தது. எங்களைவிட அவருக்குத்தான் சந்தோஷம்.

மூன்றாவது ஞாயிறு நாங்கள் ஒரு விதியைக் கொண்டுபோனோம். போருக்கு முன்பே எல்லோருக்கும் விடுதலை. நிபந்தனை இல்லை, தலை இல்லை.

"அப்புறம் அவர்கள் ஏன் சண்டை போட வேண்டும்?" என்றார் பெரியவர்.

"சுதந்திரனாகப் பிறந்தவன் ஏன் போடுகிறான்?"

அவர் பதில் சொல்லவில்லை. "ஆடிப் பார்ப்போம்" என்றார். ஆடினோம். எங்களுக்கு வரிசையாக ஒன்றும் இரண்டுமாக விழுந்தது. முதல் ஞாயிறைவிடக் கேவலமாகத் தோற்றோம். செவிலியர் மட்டும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பகடைக்குச் சித்தாந்தம் கிடையாது. தோற்றவர்களும் சுதந்திரர்களாகவே தோற்றார்கள் என்று சமூகவியல்காரர் சமாளித்துப் பார்த்தார், எடுபடவில்லை.

போருக்கு அடுத்த நாள் நடந்தது எந்த விளையாட்டுத் தாளிலும் வராது. வொலோன்களில் நாலாயிரம் பேர் அன்று தளர்வாகச் சண்டை போட்டவர்கள். மற்றவர்களோடு முகாமுக்குள் பாயவில்லை. தண்டனைக்குப் பயந்து ஒரு குன்றின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கீழே கூட்டி வந்தார்கள். கிராக்கஸ் எல்லோருக்கும் விடுதலை அறிவித்தார், இவர்களுக்கும் சேர்த்து. ஆனால் வித்தியாசம் தெரிய வேண்டும் அல்லவா? அந்த நாலாயிரம் பேரும் படையில் இருக்கும்வரை, நோய் என்றால் தவிர, நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும், நின்றுகொண்டுதான் குடிக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கினார்.

இதைக் கேட்டபோது எங்களில் ஒருவரின் பாட்டி நினைவுக்கு வந்தார். அவர் ஊரில் கதை தலைகீழ். பண்ணை வீட்டுக் கொல்லையில் பாட்டி உட்காரலாம், தரையில். திண்ணையில் உட்காரக் கூடாது, கட்டிலில் கூடாது, டீக்கடை பெஞ்சில் கூடாது. ரோமில் மேலானவன் சாய்ந்து படுத்துச் சாப்பிடுவான்; தண்டிக்கப்பட்டவன் நிற்பான். நம்மூரில் மேலானவன் உட்கார்வான். நாம் நிற்போம், அல்லது கீழே குந்துவோம். வாய்க்குப் போவது அதே சோறு. உடம்பை எப்படி வைத்துக்கொண்டு அதைத் தின்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விடுதலை கொடுத்த அதே வாயால் அந்தச் சத்தியத்தையும் வாங்கினார் பாருங்கள்.

படை பெனவெண்ட்டம் திரும்பியபோது ஊரே வாசலில் நின்று வரவேற்றது. வீட்டு முன்னால் தெருவில் பந்தி. விடுதலை பெற்றவர்கள் தலையில் குல்லாயோ வெள்ளைக் கம்பளித் துணியோ அணிந்து சாப்பிட்டார்கள், சிலர் சாய்ந்தபடி, சிலர் நின்றபடி. அந்தக் காட்சி அழகாக இருந்ததால் கிராக்கஸ் அதை ஓவியமாகத் தீட்டச் செய்து, அவருடைய அப்பா அவெண்டைன் குன்றில் கட்டிய விடுதலைத் தேவியின் கோயிலில் வைத்தார். நின்றவர்களும் அதில் இருந்தார்கள். ஓவியம் இன்றைக்கு இல்லை. இதையெல்லாம் நமக்குச் சொல்லும் லிவி ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து எழுதியவர். அந்த எட்டாயிரம் பேரில் ஒருவருடைய சொல்கூட நமக்கு வரவில்லை, பெயரும் வரவில்லை. இன்னொன்றும் லிவி பெருமையாகச் சொல்கிறார்: அடிமைகளை விற்ற எஜமானர்கள், போர் முடியும்வரை தங்களுக்கு விலை வேண்டாம் என்று பெரிய மனது பண்ணினார்களாம். இதே பிரிட்டன் 1833-ல் அடிமை முறையை ஒழித்தபோது நட்ட ஈடு இரண்டு கோடி பவுண்டு யாருக்குப் போனது? எஜமானர்களுக்கு. அதற்காக வாங்கிய கடன் 2015-ல்தான் அடைந்து முடிந்தது. இந்த ஊரில் வரி கட்டிய கறுப்பினத்தவரும் அதற்குக் கட்டியிருக்கிறார்கள்.

கிராக்கஸ் கி.மு. 212-ல் ஒரு பதுங்கித் தாக்குதலில் கொல்லப்பட்டார். வொலோன்கள் அவருக்காகப் பழி வாங்கவில்லை. அடுத்த தளபதிக்காகக் காத்திருக்கவும் இல்லை. கொடியை விட்டு நடந்து போய்விட்டார்கள், தங்களைப் பணியிலிருந்து விடுவித்துவிட்டது போல. ஐந்து ஆண்டு கழித்து, கி.மு. 207-ல், ஆள் தேவைப்பட்டபோது அவர்களை மறுபடி தேடிப் படையில் சேர்த்தார்கள். அந்த ஐந்து ஆண்டு எங்கே இருந்தார்கள், என்ன வேலை செய்தார்கள், யாரோடு வாழ்ந்தார்கள்? எங்களுக்கு அந்த ஐந்து ஆண்டுதான் வேண்டும். அதற்குப் பெட்டி விற்பவர் யாரும் இல்லை.

இப்போது வீட்டுச் சமையலறை மேசையில் இருபது பொம்மைகள் நிற்கின்றன. பெரியவர் தன் உபரிப் பெட்டியிலிருந்து கொடுத்தார். பத்துப் பேருக்குத் தலைக்கவசத்தை அரத்தால் தேய்த்துவிட்டு வெள்ளைக் குல்லாய் தீட்டியாயிற்று. மீதிப் பத்துப் பேர் குன்றிலிருந்து இறங்கி வந்தவர்கள். அவர்கள் கையில் இருந்த ஈட்டியை வெட்டி எடுத்துவிட்டு, பச்சை நிறப் புட்டியை உருட்டி ஆளுக்கொரு ரொட்டித் துண்டு வைத்தோம். சாப்பாடு ஆரம்பிப்பதற்குள் மேசையைக் காலி செய்யுங்கள் என்று செவிலியர் மூன்று முறை சொல்லிவிட்டார். புட்டி இறுக ஓர் இரவு ஆகும். அதுவரை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அடுப்படி ஓரமாக நாங்களும் நின்றுகொண்டுதான் சாப்பிட்டோம்.